கதிரை போட ஒரு துண்டுப் புல்

வீரய்யா ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பல் விளக்குவதற்கு முன்பே ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார். இனி இந்த வீட்டு முன்னால் புல் வளரும். புல் மட்டுமே வளரும்.

தீர்மானம் எடுப்பது அவருக்குச் சிரமமே இல்லை. மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதிக் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவர். அங்கே தீர்மானம் எடுப்பவர் ஒருவர், அதைக் கிடப்பில் போடுபவர் இன்னொருவர். வீட்டிலும் அந்த ஒழுங்குமுறை மாறவில்லை. தீர்மானம் அவருடையது, கிடப்பு மனைவி இரத்தினம்மாவுடையது.

வீடு கட்டுகஸ்தோட்டையில், மாத்தளை ரோட்டிலிருந்து படியேறிப் போகிற ஒரு சந்தில் இருந்தது. கண்டிப் பக்கத்தில் சமதரை என்பது லேசில் கிடைக்கிற சங்கதியா? வீடும் சரிவு, வாசலும் சரிவு, வைத்த தேங்காய் உருண்டு மகாவலி ஆற்றுக்குப் போய்விடும். அந்தச் சரிவுக்கு நடுவே, முற்றத்தில் பாய் விரித்தாற்போல ஒரு துண்டுச் சமதரை. அதிலே கால் வைக்க இடமில்லாமல் இரத்தினம்மாவின் பூச்சட்டிகள்.

சட்டி என்றால் சட்டி மட்டுமா? அந்தூரியம் பெயின்ட் வாளியில் இருந்தது. பிகோனியா பால்மா டின்னில். ரோஜா, அடி ஓட்டையான பிரஷர் குக்கரில். வீரய்யா கலியாணத்துக்குக் காலில் போட்ட சப்பாத்தில் ஒன்றில்கூட ஏதோ ஒரு கள்ளிச்செடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. மற்றச் சப்பாத்து எங்கே என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் இருக்கிற சட்டை வேட்டிக்கும் ஆபத்து.

அவருக்குப் புல் வேண்டுமென்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் புல் வெட்டியவர். துரை மட்டும் அந்தப் புல்லில் பிரம்புக் கதிரை போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். சின்னப் பையனாக இருந்த வீரய்யா ஒரு நாள் அதில் காலை வைத்ததற்கு, அப்பாவே காதைத் திருகி வெளியே தள்ளினார். அந்தக் காது இன்னமும் அவருக்குச் சில வேளை சுடும். செத்துப் போவதற்குள் சொந்தப் புல்லில் சொந்தக் கதிரை போட்டு ஒரு கோப்பை குடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கோப்பையில் என்ன என்பதுதான் கொஞ்சம் வில்லங்கம்.

ஈரல் கெட்டுவிடும் என்று டாக்டர் பயமுறுத்திய வருஷம், வீரய்யா கதிர்காமத்துக்குப் போய், மாணிக்க கங்கையில் முங்கி எழுந்து, மாமனார் வீட்டு ஜனங்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் இனிச் சாராயத்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணினார். அதைக் காப்பாற்றியும் வந்தார். தொடுவதில்லை. போத்தலைத் துவாயால் சுற்றிப் பிடித்துத்தான் ஊற்றுவார். ஊற்றுவது பிளேன் டீக் கோப்பையில். நிறம் ஒன்றுதானே, கண்ணுக்கு என்ன தெரியும்?

கண்ணுக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரியும். இரத்தினம்மாவின் மூக்கு, அக்குறணைக் கடையில் பிரியாணி தம் உடைத்தால் கட்டுகஸ்தோட்டையில் சொல்லிவிடும். அவள் காலையும் மாலையும் பூவாளியோடு சட்டிச் சட்டியாக ரோந்து வருவாள். வீரய்யாவின் கதிரையோ அந்தச் சட்டிகளுக்கு நடுவில். சட்டி இருந்தால் ரோந்து; ரோந்து இருந்தால் மூக்கு. சட்டி ஒழிந்தால்? புல், கதிரை, கோப்பை, நிம்மதி.

காலியான போத்தல்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குப்பை வண்டியில் போட்டால் சந்தே பார்க்கும். பையில் போட்டு இறங்கினால் படிக்குப் படி கிணுகிணுக்கும். ஆகவே வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியின் மறைவில் அவை வரிசையாக நின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக வீரய்யாவுக்கு முழு நம்பிக்கை.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் திட்டம் பிறந்தது. மத்தியானச் சோறு போடும்போது, வெகு சாதாரணமாகத் தொடங்கினார்.

"ரத்தினம், ஒரு சங்கதி. பழைய ஆபீஸ் சிநேகிதர் இன்னைக்குச் சொன்னாரு. சனிக்கிழமை நம்ம சந்துக்கு சுகாதாரப் பரிசோதகர், அதான் பீ.எச்.ஐ. மாத்தயா, வர்றாராம்."

"எதுக்காம்?"

"டெங்குவுக்கு. வீடு வீடாச் சோதனை. சட்டி, டின்னு, வாளி எது கண்டாலும் கேட்டுல சிவப்பு நோட்டீஸ் ஒட்டிடுவாங்களாம். அப்புறம் கோர்ட்டுதான்."

"என் சட்டியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதான்னு வந்து பாக்கட்டும். நின்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"உன் பேரை மாத்திக்கலாம் புள்ள. கேட்டுல இருக்கிறது என் பேரு."

இதற்கு மேல் ஒரு மகாபாரதமே நடக்குமென்று அவர் தயாராக இருந்தார். கண்ணீருக்கு ஒரு பதில், கோபத்துக்கு ஒரு பதில், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கு ஒரு பதில், எல்லாம் கைவசம் இருந்தன. இரத்தினம்மா கொஞ்சநேரம் கரண்டியைப் பார்த்தாள். அப்புறம் அவருக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

"நீங்க சொன்னாச் சரிங்க. உங்க மரியாதைதான் முக்கியம். எடுத்துருவோம்."

வீரய்யாவுக்கு இருமல் வந்துவிட்டது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் "நீங்க சொன்னாச் சரிங்க" என்பதை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அந்த இடத்திலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவனுக்கு எதிரே இருக்கிற குழி தெரியாது. பாயாசம் இருக்கா என்று கேட்டார். இருந்தது!

"ஆனா ஒண்ணுங்க," என்றாள் இரத்தினம்மா. "உசிரோட இருக்கிற செடியைக் குப்பையில போட முடியாது. மேல ஹிதாயா வீட்டுல வெச்சுக்கச் சொல்றேன். தூக்கிக் குடுத்துருங்க."

ஹிதாயாவின் வீடு படிக்கட்டின் உச்சியில் இருந்தது. அவள் கணவர் முனாப் அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி. அன்று கடைக்குப் போகாமல் கேட்டில் சாய்ந்து நின்று, வீரய்யா ஒவ்வொரு சட்டியாகச் சுமந்து ஏறுவதைத் தேர் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரய்யா அண்ணன், இது என்னத்துக்கு?"

"பீ.எச்.ஐ. வர்றாரு முதலாளி. டெங்கு சோதனை."

"அப்ப அவரு எங்கட ஊட்டுக்கு வாரல்லயா?"

வீரய்யா சட்டியோடு நின்றார். இந்தக் கேள்வி திட்டத்தில் இல்லை.

"வரமாட்டாரு. உங்க படிக்கு மேல வேற டிவிஷன்."

"அப்பிடியா?" முனாப் தாடியைத் தடவினார். "இந்த டிவிஷன் விஷயம் கடிக்கிற நுளம்புக்குத் தெரியுமா அண்ணன்?"

கீழே பூவாளியோடு நின்ற இரத்தினம்மா இதைக் கேட்டாள். "பிரஷர் குக்கரைப் பாத்துத் தூக்குங்க, முள்ளு இருக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முள் குத்தியும் விட்டது.

சாயங்காலம் வீரய்யாவின் இடுப்பு தனியாகவும் அவர் தனியாகவும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் முற்றம் வெட்டவெளி. மறுநாளே பேராதனை ரோட்டில் ஒரு நாற்றுமேடையில் மலேசியன் புல் வாங்கி, சதுரம் சதுரமாக லாரியில் வரவழைத்து, சட்டிகள் இருந்த இடத்தில் பாய்போலப் பதித்தார். சனிக்கிழமை வந்தது. பீ.எச்.ஐ. வரவில்லை.

"என்னங்க, ஆளைக் காணோமே?"

"தள்ளிப் போட்டிருப்பாங்க. அரசாங்க வேலைன்னா அப்படித்தான்."

"ஆமாமா. வராமலா போயிடுவாரு," என்றாள் இரத்தினம்மா.

அன்று மாலை வீரய்யா பிரம்புக் கதிரையைப் புல்லின் நட்டநடுவில் போட்டார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலைப் புல்லில் வைத்தார். சில்லென்றது. காது சுடுவது நின்றது. பிளேன் டீக் கோப்பையைக் கையில் எடுத்து, எதிரே இருந்த மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி ஒரு வாய் உறிஞ்சினார். அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது; அது கோப்பையில் இருந்த சரக்கின் காரம் மட்டும் அல்ல.

"என்னங்க, டீ ஆறிப்போச்சா? ஆவியைக் காணோமே?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஆறினாத்தான் எனக்குப் பிடிக்கும்!"

"குடிங்க, குடிங்க."

அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. புல் என்பது பார்க்கிறவனுக்குத்தான் புல். வளர்க்கிறவனுக்கு அது கைக்குழந்தை. அதை ஞாபகப்படுத்துவதில் இரத்தினம்மா ஒரு குறையும் வைக்கவில்லை.

"என்னங்க, புல்லுக்குத் தண்ணி காட்டினீங்களா?"

"என்னங்க, ஓரத்துல தொட்டாச்சிணுங்கி வந்திருக்கு. இப்பப் புடுங்கலைன்னா புல்லையே தின்னுடும்."

"என்னங்க, துரை பங்களாவுல வாரம் வாரம் வெட்டுவாங்களாமே? உங்க அப்பா சொன்னதா நீங்கதானே சொல்வீங்க?"

வீரய்யா குனிந்தார். களை பிடுங்கினார். கத்திரிக்கோலால் ஓரம் வெட்டினார். துரைக்குப் புல் வெட்ட ஓர் ஆள் இருந்தார் என்ற உண்மை அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. இங்கே துரையும் அவர்தான், ஆளும் அவர்தான். வெட்டி முடித்துக் கதிரையில் உட்கார்ந்தால் மழை. மழை விட்டு உட்கார்ந்தால் அட்டை. ஒரு நாள் அவர் ஒரு வாய் குடித்த நேரத்தில் அட்டை ஒன்று அவர் காலில் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தள்ளாடிப் போயிற்று. ஆனாலும் அவர் அசரவில்லை. எலி வளையானாலும் தனி வளை அல்லவா?

இரத்தினம்மா புதன்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வருவாள். பஜனையாக இருக்கும் என்று வீரய்யா எண்ணியிருந்தார். ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் இல்லாத அந்த நேரம் அவருக்கும் ஒரு பஜனை நேரம்தான்.

அப்படி ஒரு புதன் கழிந்து, சனிக்கிழமை காலையில் கீழே ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில் டோர்ச்சும் தோளில் பையுமாக ஓர் இளைஞர் படியேறி வந்தார். சுகாதாரப் பரிசோதகர் நளீர்.

வீரய்யாவுக்கு ஒரு கணம் தன் பொய்யே கால் முளைத்து வந்து நிற்பதுபோல இருந்தது. ஆனால் உடனே நிமிர்ந்தார். பயப்பட என்ன இருக்கிறது? முற்றத்தில் சட்டி உண்டா? டின் உண்டா?

"வாங்க சார், வாங்க! பாருங்க, ஒரு சிரட்டை கூட இல்லை. புல்லு மட்டும்தான்."

"அருமை ஐயா," என்றார் நளீர். பின்பு இரத்தினம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "போன் பண்ணினீங்களே அம்மா, அதுதான் முதல்ல உங்க வீட்டுக்கே வந்தேன்."

வீரய்யா மனைவியைப் பார்த்தார். "நீ போன் பண்ணினியா?"

"அம்மாதானே ஐயா இந்தச் சந்து டெங்கு ஒழிப்பு மாதர் குழுச் செயலாளர்! புதன்கிழமைக் கூட்டத்தையே அவங்கதான் நடத்துறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பஜனை என்றல்லவா வீரய்யா நினைத்திருந்தார்! சோறு போட்ட அன்று அவள் பார்த்த கரண்டி அவருடைய தலைக்குள் மெதுவாகத் திரும்பியது. பீ.எச்.ஐ. எப்போது வருவார், எப்போது வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பருப்பு ஊற்றியிருக்கிறாள். தெரிந்தேதான் பிரஷர் குக்கரையும் படியேற்ற வைத்திருக்கிறாள்.

"அப்ப நான் வர்றேன்," என்று நளீர் திரும்பினார்.

"சார்," என்றாள் இரத்தினம்மா, தேன் ஒழுக. "முன்பக்கம் மட்டும் பாத்துட்டுப் போனா எப்படி? செயலாளர் வீடுன்னு சலுகை காட்டினீங்கன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க. பின்பக்கமும் பாத்துருங்க. அந்தத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால."

வீரய்யா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். "அங்க ஒண்ணும் இல்லை சார்! பாம்பு இருக்கும் சார்!"

பாம்பு இல்லை. போத்தல்கள் இருந்தன. மழைத் தண்ணீர் கழுத்துவரை நிறைந்து, வெயிலில் பளபளவென்று நின்றன. நளீர் ஒன்றை எடுத்து டோர்ச்சைப் பிடித்தார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் புழுப்புழுவாகத் துள்ளி விளையாடின. மேலே மதிலுக்கு அப்பாலிருந்து முனாப்பின் தலையும் ஹிதாயாவின் தலையும் எட்டிப் பார்த்தன.

"இது என்ன ஐயா?"

"மண்ணெண்ணெய்ப் போத்தல் சார்..."

நளீர் முகர்ந்து பார்த்தார். லேபலைப் பார்த்தார். வீரய்யாவைப் பார்த்தார். சிவப்பு நோட்டீஸ் பையிலிருந்து தலை நீட்டியது. வீரய்யாவின் கண்முன்னால் கேட் தெரிந்தது. கேட்டில் நோட்டீஸ் தெரிந்தது. நோட்டீஸைப் படிக்க வரிசையில் நிற்கிற மாமனார் வீட்டு ஜனம் தெரிந்தது. கடைசியில் வேலோடு கதிர்காமத்துக் கந்தனும் தெரிந்தான்.

அந்த நேரத்தில் இரத்தினம்மா வாயைத் திறந்தாள்.

"ஐயோ சார், தப்பா நினைக்காதீங்க. என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணினவரு. இதெல்லாம் அவர் பூப்பாத்திக்குன்னு ஊரெல்லாம் அலைஞ்சு சேர்த்தது. போத்தலைத் தலைகீழா மண்ணுல குத்திப் பாத்திக்கு ஓரம் கட்டுவாங்களே, அதுக்கு. இல்லீங்களா?"

வீரய்யாவுக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. இப்பேர்ப்பட்ட பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்?

"ஆமா சார்! ஓரம் கட்டத்தான்!"

"நல்ல யோசனைதான்," என்றார் நளீர். "பாத்தி எங்க?"

இரத்தினம்மா முன்பக்கம் நடந்து போய், பச்சைப் பசேலென்ற புல்லின் நடுவில் நின்றாள்.

"இங்கதான் சார். இந்தப் புல்லு சும்மா மண்ணு காயாம இருக்கப் போட்டது. நாளைக்கே கொத்திப் போட்டுட்டு என் பூச்செடியெல்லாம் நிலத்துல நடப் போறாரு. இல்லீங்களா?"

இல்லை என்றால் அத்தனையும் அவர் குடித்த போத்தல் ஆகிவிடும். ஆமாம் என்றால் புல் போய்விடும். இரண்டுக்கும் நடுவே மாநகரசபை அவருக்குக் கற்றுக்கொடுத்த மூன்றாவது பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னார்.

"பரிசீலிக்கலாம் சார்."

"பரிசீலிக்க நேரமில்லை ஐயா. நாளைக்குச் சாயந்தரம் வருவேன். ஒண்ணு போத்தல் மண்ணுல இருக்கணும். இல்லாட்டி நோட்டீஸ் கேட்டுல இருக்கும்."

மறுநாள் விடிந்ததும் வீரய்யா மண்வெட்டி எடுத்தார். தான் தடவித் தடவி வளர்த்த புல்லைத் தன் கையாலேயே கொத்தினார். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பெருமூச்சு. பாதி கொத்தியதும் சட்டிகளை இறக்கிவரப் படியேறினார். முனாப் அதே கேட்டில், அதே சாய்மானத்தில் நின்றார்.

"என்ன அண்ணன், டிவிஷன் மாறிட்டா?"

வீரய்யா பிரஷர் குக்கரைத் தூக்கினார். முள் அதே இடத்தில் குத்தியது.

அந்தூரியம், பிகோனியா, ரோஜா எல்லாம் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கின. கலியாணச் சப்பாத்துக் கள்ளியை மட்டும் இரத்தினம்மா சப்பாத்தோடேயே வைத்தாள், அது பழகிவிட்டதாம். வீரய்யா நடுவில் மிச்சமிருந்த புல்லுக்கு மண்வெட்டியை ஓங்கியபோது அவள் கையைப் பிடித்தாள்.

"அதைக் கொத்தாதீங்க."

"ஏன்?"

அவள் உள்ளே போய்ப் பிரம்புக் கதிரையைத் தூக்கி வந்து அந்தப் புல்லின்மேல் வைத்தாள். கதிரை போட்டுக் கால் நீட்டச் சரியாக இருந்தது. "துரை உக்கார இடம் வேணாமா? உங்க அப்பா வெட்டின புல்லு கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க. நான் என்ன கல்லா? இந்தப் புல்லைச் சுத்தி வட்டமாப் போத்தலைக் குத்துங்க. நடுவுல ராசா மாதிரி உக்காந்துக்கங்க. டீ நானே போட்டுத் தர்றேன். சுடச்சுட."

கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை. இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு மண்டியிட்டு, தன் பழைய சிநேகிதர்களை ஒவ்வொருவராகத் தலைகீழாகப் புதைத்தார். வட்டம் வளைந்து வளைந்து வந்தது. கடைசியில் முடியாமல், பல் விழுந்த வாய்போல ஓர் இடைவெளி நின்றது.

"ஒண்ணு குறையுதுங்க," என்றாள் இரத்தினம்மா.

"அவ்வளவுதான் புள்ள. தாங்கிக்குப் பின்னால வேற இல்லை. முருகன் மேல ஆணை!"

"தாங்கிக்குப் பின்னால இல்லைதான். செடிக்குப் போடுற பசளைச் சாக்குக்குள்ள ஒண்ணு இருக்கே. அதுல பாதி இருக்கு; ரோஜாவுக்கு ஊத்திட்டு வெறும் போத்தலைக் கொண்டாங்க."